கம்ப்ரெசர் சத்தம் சுவர் தாண்டாமல் இருக்க நான் செய்தவை

இரவு 2:20 இருக்கும். எல்லாரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பின்கட்டில் இருந்த, தொட்டியில் காற்றை அழுத்தி அடைக்கும் கம்ப்ரெசர் தானாக ஓட ஆரம்பித்தது. குழாய் இணைப்பு ஒன்றில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, தொட்டியில் அழுத்தம் இறங்கி, பிரஷர் சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைக்காமல் படுக்கப் போயிருந்தேன். எழுந்து ஓடி அணைப்பதற்குள் எங்கள் வரிசையில் நாலு வீட்டில் விளக்கு எரிந்துவிட்டது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். சண்டை போட வரவில்லை. "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. சாயங்காலம் நீங்க மிசினைப் போட்டா அவ படிக்கிற மேசையே நடுங்குது. எத்தனை மணிக்கு முடிப்பீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா, அதுக்கு ஏத்த மாதிரி அவளைப் படிக்கச் சொல்றேன்" என்றார். என் இயந்திரத்துக்காக அந்தப் பிள்ளை தன் படிப்பு நேரத்தை மாற்றிக்கொள்வதா? அன்று ஆலையில் நாள் முழுக்க இதே யோசனைதான்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்). வரிசை வீடுகள், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பகலில் நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பின்கட்டில் புல்வெட்டும் மிசின்களையும், தோட்டத்துக்குள் ஓடித் தேய்ந்துபோன மோட்டார் சைக்கிள்களையும் பழுதுபார்ப்பேன். பெட்ரோல் டாங்கிக்குச் சாயமும் அடிப்பேன். கம்ப்ரெசர் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2 குதிரைசக்தி பெல்ட் கம்ப்ரெசர். வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர், 100 லிட்டர் தொட்டி, ஒற்றை ஃபேஸ் மோட்டார்.

சத்தம் விஷயத்தில் எனக்குச் சொந்த வருத்தமும் ஒன்று உண்டு. அப்பா தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையின் இன்ஜின் அறையில் பல வருடம் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் காதுக்கென்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. இப்போது அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் முன்னால் போய் நின்று முகம் பார்த்துப் பேச வேண்டும். எங்கள் ஆலையில் நிலைமை வேறு. 2019-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறையின்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. காதடைப்பான் தருகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை செவிச் சோதனையும் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதே நான், ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் காட்டுகிற கம்ப்ரெசர் பக்கத்தில் வெறும் காதோடு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். என் சின்ன மகன் அங்கேயே விளையாடிக்கொண்டிருப்பான்.

முதலில் செய்தது தவறு. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஆரம்பிக்கும் இடமும் அதுதான். ஒரு சனிக்கிழமை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி அடித்தேன். உள்ளே பழைய மெத்தையிலிருந்து எடுத்த பஞ்சை ஒட்டினேன். காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டு எல்லாப் பக்கமும் இறுக மூடினேன். சத்தம் நன்றாகவே குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டாங்கிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் கம்ப்ரெசர் நின்றுவிட்டது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது, எண்ணெய் கருகிய வாடை. மோட்டாரின் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்திருந்தது, கப்பாசிட்டர் வீங்கிப்போயிருந்தது. அந்த சுவிட்ச் இல்லாத மோட்டாராக இருந்தால் சுருளே எரிந்திருக்கும். மெத்தைப் பஞ்சும் சும்மா இல்லை; ஒரு தீப்பொறி பட்டால் பிடித்துக்கொண்டு கரும்புகை கக்கும். சாயமும் தின்னரும் இருக்கும் இடத்தில் அதை வைத்ததை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. பெட்டியைப் பிரித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் இயந்திரத்தை ஓடவிட்டு, சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்ரெசர் சத்தம் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது நாலைந்து சத்தங்களின் கூட்டம். எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் பலகை வாங்கப் போகக்கூடாது. ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரை எடுத்து, நுனியை இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் ஒட்டிக் கேட்டேன் (ஓடும் பெல்ட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் அருகில் இதைச் செய்யவே கூடாது). பெல்ட் மூடியின் இரண்டு போல்ட்டுகள் தளர்ந்து தகரம் படபடத்துக்கொண்டிருந்தது. ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினேன். பெல்ட் நேர்கோட்டில் இல்லை, மோட்டாரை நகர்த்திச் சரிசெய்தேன். சோப்பு நுரை தடவி மூன்று கசிவுகளைக் கண்டுபிடித்து அடைத்தேன். கசிவு நின்றதும் கம்ப்ரெசர் ஓடும் நேரமே குறைந்தது. ஓடாத இயந்திரத்துக்குச் சத்தம் ஏது. பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும் அழுத்தத்தையும் 8 பாரிலிருந்து 6.5 பாருக்கு இறக்கினேன். நான் செய்யும் வேலைக்கு அதுவே தாராளம்.

இதற்கெல்லாம் பைசா செலவில்லை. வேலியோரம் கைப்பேசியில் அளந்தபோது 76 காட்டிய இடத்தில் 74 காட்டியது. அளக்கும் விஷயத்தில் ஒன்று: கைப்பேசி செயலி சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அதே கைப்பேசியை, அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்து முன்பும் பின்பும் அளந்தால் வித்தியாசம் ஓரளவு சரியாகக் கிடைக்கும். 10 டெசிபல் இறங்கினால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தெரியும்.

அப்புறம் காற்று இழுக்கும் வாய். சிலிண்டர் தலையில் காளான் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு விநாடி உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். சத்தத்தில் பெரிய பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் காற்றை வெடுக்கென்று இழுக்கிறது. என் இயந்திரத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 1420 சுற்று. மோட்டார் புல்லி 6 அங்குலம், பம்பைச் சுற்றும் ஃபிளைவீல் 10 அங்குலம். ஆகப் பம்பு சுமார் 850 சுற்று சுற்றுகிறது. இரண்டு சிலிண்டர் என்பதால் விநாடிக்கு 28 இழுப்பு. அந்தக் கும்... கும்... என்ற அடித்தொனி இதுதான். இவ்வளவு தாழ்ந்த தொனியைச் செங்கல் சுவரும் சரியாகத் தடுக்காது, பஞ்சு சுத்தமாகத் தடுக்காது. முட்டை அட்டை ஒட்டச் சொல்பவர்கள் உண்டு, அதை ஒட்டியும் பயனில்லை.

இதற்கு வழி சொன்னவர் அப்பா. நான் காற்று வாயைக் கையால் மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, அவர் வழக்கமாகப் பேசும் உரத்த குரலில் சொன்னார்: "அந்தக் காலத்து இன்ஜின் புகையை நேரா மேல விடமாட்டாங்கடா. வெளிய செங்கல்ல குழி கட்டி மூடி வச்சிருப்பாங்க. புகை அந்தக் குழிக்குள்ள போயி இளைப்பாறிட்டு, அப்புறம்தான் கூண்டு வழியா மேல போவும்." ஒடுங்கிய குழாயில் வரும் அலை திடீரென்று அகன்ற இடத்துக்குள் நுழையும்போது அதன் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. மோட்டார் சைக்கிளின் சைலன்சரும் இதே கணக்குதான். புகை வெளியேறும் வழிக்குப் பொருந்துவது காற்று உள்ளே வரும் வழிக்கும் பொருந்தும். காது கேட்காமல் செய்த அந்த அறையிலிருந்தே அப்பா எனக்கு இந்த யோசனையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

செய்த விதம் இது. இரண்டு சிலிண்டர் தலையிலிருந்தும் ஃபில்டரைக் கழற்றி, ஆளுக்கொரு அடி ரப்பர் ஹோஸ் போட்டேன். தலை சூடாகும், அதனால் அந்த இடத்துக்கு ரேடியேட்டர் ஹோஸ் மாதிரி சூடு தாங்கும் ரப்பர்தான் வேண்டும். இரண்டையும் ஒரு டி இணைப்பில் சேர்த்து ஒன்றரை அங்குலக் குழாயாக்கினேன். அது 6 அங்குல பி.வி.சி. கழிவுநீர்க் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் போகிறது. துண்டு இரண்டரை அடி நீளம், இரு முனையிலும் மூடி. அதன் மறுமுனையிலிருந்து இன்னொரு ஒன்றரை அங்குலக் குழாய் வெளியே வருகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு குழாயும் மூடியோடு நின்றுவிடக்கூடாது. ஒன்றைப் பெரிய குழாயின் பாதி நீளம்வரை உள்ளே நீட்ட வேண்டும், மற்றதைக் கால்வாசி நீளம்வரை. வெறும் அறையாக விட்டால் சில தொனிகள் தடையில்லாமல் தப்பிவிடும். இப்படி நீட்டினால் அந்த ஓட்டைகளும் அடைபடும். ஆலை சைலன்சர் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இதே அமைப்பைக் கண்டேன்.

ஃபில்டரை வெளிமுனையில் வைத்தேன். சிலிண்டரில் இருந்த காளானை விடப் பெரிய கார் ஏர் ஃபில்டர், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். அந்த முனை பின்சந்துப் பக்கம் திரும்பி, வாய் கீழ்நோக்கி இருக்கிறது. மழைத்தண்ணீர் போகக்கூடாது. குளவியும் பல்லியும் குடியேறாமல் இருக்க வலையும் கட்டியிருக்கிறேன். சாயம் அடிக்கும் மூலையிலிருந்து அது தூரமாக இருக்க வேண்டும், தின்னர் ஆவியைக் கம்ப்ரெசர் இழுத்தால் ஆபத்து. பெரிய குழாய்க்குள் கல்பஞ்சு, ஃபைபர் எதையும் திணிக்காதீர்கள். இழை கழன்று நேராக வால்வுக்குப் போகும். அறுக்கும்போது விழுந்த பி.வி.சி. துகள்களைக் கழுவிக் காயவைத்த பிறகே மாட்டினேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பி.வி.சி. குழாய் காற்று உள்ளே இழுக்கப்படும் பக்கத்துக்கு மட்டும்தான். அழுத்தக் காற்று போகும் பக்கத்தில் பி.வி.சி. போட்டால் ஒருநாள் கண்ணாடி மாதிரி உடைந்து துண்டுகள் பறக்கும். விலை குறைவு என்று வேலிக் கம்பத்தோரம் பி.வி.சி.யில் காற்றுக் குழாய் ஓட்டியிருப்பதைச் சில பட்டறைகளில் நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் செலவு 60 வெள்ளிக்குள் (ரிங்கிட்). வேலியோரம் 74 காட்டியது 66-க்கு வந்தது. காற்று இழுப்பதற்குத் தடை ஏற்பட்டிருக்கிறதா என்று பார்க்க, காலித் தொட்டி 6.5 பார் வரை நிரம்பும் நேரத்தை முன்பே குறித்து வைத்திருந்தேன்: 4 நிமிடம் 50 விநாடி. இப்போது 4 நிமிடம் 55. அரை நிமிடம் கூடியிருந்தால் குழாய் ஒடுங்கல் என்று அர்த்தம்.

சந்தோஷமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அக்கா யோசித்துவிட்டு, "சத்தம் கொறைஞ்சிருக்கு தம்பி. ஆனா அலமாரிக்குள்ள கண்ணாடி கிளாஸ் இன்னும் கிணுகிணுங்குது" என்றார். பாப்பா படிக்கும் அறைக்குள் அழைத்துப் போய் மேசையில் கை வைக்கச் சொன்னார். வீட்டில் மனைவியைக் கம்ப்ரெசரைப் போடச் சொல்லிவிட்டு, கையை வைத்தேன். காதுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளங்கையில் நடுக்கம் தெரிந்தது. என் கைப்பேசியில் அங்கே 48 காட்டியது. அந்த எண்ணை நம்பி நான் திருப்திப்பட்டிருந்தால் அந்தப் பிள்ளை நடுங்கும் மேசையிலேயே படித்துத் தேர்வு எழுதியிருக்கும்.

பிறகுதான் புரிந்தது. சாதாரணமாக டெசிபல் அளக்கும்போது மீட்டர் 'ஏ' எடைமுறையைப் பயன்படுத்துகிறது. மனிதக் காதைப் போலவே அது தாழ்ந்த தொனிகளைக் குறைத்து மதிப்பிடும். விநாடிக்கு 30 அதிர்வு அளவிலுள்ள தொனிக்கு ஏறக்குறைய 40 டெசிபலைக் கழித்துவிடும். என் கம்ப்ரெசரின் அடித்தொனி 28. ஆகவே அது எண்ணில் வராது, சுவரில் வரும். தாழ்ந்த தொனிகளை அவ்வளவாகக் கழிக்காத 'சி' எடைமுறை செயலியில் இருந்தால் அதிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அதைவிட நல்லது, பக்கத்து வீட்டுக்குப் போய் மேசையில் கை வைத்துப் பார்ப்பது.

மறுபடி ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்தேன். இரண்டு வழியாக நடுக்கம் போய்க்கொண்டிருந்தது. முதலாவது, தொட்டியிலிருந்து புறப்படும் இரும்புக் குழாய். அதை நான் பொதுச்சுவரிலேயே கிளாம்ப் போட்டு ஆணி அடித்திருந்தேன். கம்ப்ரெசர் நடுங்க, குழாய் நடுங்க, சுவர் முழுக்க அந்தப் பக்கத்துக்குத் தோல் கட்டிய மேளம் மாதிரி ஆகியிருந்தது. தொட்டிக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு அடி ரப்பர் காற்று ஹோஸ் போட்டேன், கிளாம்ப்புகளைப் பொதுச்சுவரிலிருந்து கழற்றிப் பின்சுவருக்கு மாற்றினேன். அரைநாள் வேலை. பாதி நடுக்கம் அதிலேயே போய்விட்டது.

இரண்டாவது, தரை. கம்ப்ரெசர் பொதுச்சுவர் மூலையில் சிமெண்ட் தரைமேல் இருந்தது. முதலில் ஆலையில் கழித்த கன்வேயர் பெல்ட் துண்டுகளை நாலைந்து அடுக்காகக் காலுக்கடியில் வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ரப்பர் என்றால் போதும் என்று நினைத்திருந்தேன், அந்த ரப்பர் எடையில் அமுங்கவே இல்லை. அமுங்காத ரப்பரும் கல்லும் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 850 சுற்று என்றால் விநாடிக்கு 14. அந்த நடுக்கம் தரைக்குப் போகாமல் இருக்க இயந்திரம் தன் எடையில் குறைந்தது 5 மில்லிமீட்டராவது கீழே அமுங்கி உட்கார வேண்டும். வேகம் குறையக் குறைய இன்னும் அதிகம் அமுங்க வேண்டும், 700 சுற்றுக்கு 7 மில்லிமீட்டர்.

அவ்வளவு மெத்தென்று எதைப் போடுவது? தோட்டத்தில் செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி இருக்கிறதல்லவா, அதன் டியூப். பஞ்சர் ஒட்டிய பழைய டியூப் நாலு, சும்மாவே கிடைத்தன. ஏறக்குறைய 60 கிலோ எடையில் ஒரு சிமெண்ட் பலகை வார்த்தேன், உள்ளே கம்பி வலை. அதன் நாலு மூலையிலும் ஒவ்வொரு டியூப், லேசாகக் காற்று நிரப்பி. கம்ப்ரெசர் அந்தப் பலகைமேல் நிற்கிறது. எடைப் பலகை அவசியம். நேராக மெத்தென்ற ரப்பரில் வைத்தால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் இயந்திரம் துள்ளும். தொட்டியின் கால்களைப் பலகையோடு முறுக்கிப் பூட்டவும் கூடாது. நாலு காலும் இயல்பாகச் சமமாக உட்கார்ந்த பிறகு, ரப்பர் வாஷர் வைத்து நட்டைக் கைப்பிடிப்பாக இறுக்கினால் போதும். வளைத்து இழுத்து இறுக்கினால் கால் வெல்டிங்கில் விரிசல் வரும், அது தொட்டியின் உடம்புக்கே பரவும். கம்ப்ரெசரை மூலையிலிருந்தும் நாலடி வெளியே கொண்டுவந்தேன். இரண்டு சுவர் சேரும் மூலை, தாழ்ந்த தொனியைத் தூக்கிக் கொடுக்கும்.

வேலியோர மீட்டரில் இதற்கெல்லாம் ஒரு டெசிபல்தான் இறங்கியது. ஆனால் அக்கா வீட்டுக் கிளாஸ் நின்றுவிட்டது. டியூபில் மாதம் ஒருமுறை காற்று பார்க்க வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் தொல்லை.

மோட்டார் புல்லியை 6 அங்குலத்திலிருந்து 5 ஆக மாற்றியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பம்பு 850-லிருந்து 710 சுற்றுக்கு இறங்கியது, பெல்ட் ஒரு அளவு சின்னதாக மாற்றினேன், 3 டெசிபல் போனது, மோட்டாரும் லேசாக ஓடுகிறது. பதிலுக்குத் தொட்டி நிரம்ப 5 நிமிடம் 50 விநாடி ஆகிறது. தொடர்ந்து மணல் வீசும் வேலை செய்பவர்களுக்கு இது சரிவராது. இந்த வகைப் பம்பில் எண்ணெயைத் தெறிக்கவிட்டுத்தான் உயவு நடக்கிறது. அதனால் பம்புத் தகட்டில் குறைந்தபட்ச வேகம் போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்காதீர்கள். பெல்ட் இல்லாமல் மோட்டாரோடு நேரடியாக இணைந்த, எண்ணெய் இல்லாத மலிவு வகை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. அவற்றில் பல நிமிடத்துக்கு 2800-க்கு மேல் சுற்றும், இரைச்சலுக்குக் காரணமும் அதுதான். அவர்கள் காற்று வாயையும் பெட்டியையும்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவும் முடித்த பிறகு மறுபடி பெட்டிக்கு வந்தேன். இந்த முறை சூட்டைப் பற்றி முதலில் யோசித்தேன். மோட்டார் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் பெட்டிக்குள் வெப்பமாகத்தான் முடியும். 1500 வாட் வெப்பத்தை, உள்ளே 10 டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் வெளியேற்ற மணிக்குச் சுமார் 450 கன மீட்டர் காற்று வேண்டும். மோட்டார்கள் பொதுவாக 40 டிகிரி சுற்றுப்புற வெப்பத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுகின்றன. நம் ஊரில் பிற்பகலில் வெளியிலேயே 33 டிகிரி. மிச்சம் இருப்பது 7 டிகிரி. அப்படியானால் மணிக்கு 640 கன மீட்டர். குளிர்நாட்டுக்காரர் செய்து காட்டும் பெட்டியை அப்படியே நாம் செய்தால் என் முதல் பெட்டிக்கு ஆன கதிதான் ஆகும்.

பெட்டி 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதன் வெளிப்புறம் சிமெண்ட் போர்டு. சத்தத்தைத் தடுப்பது எடைதான், பஞ்சு அல்ல. உள்ளே அடர்த்தியான ராக்வுல் (கல்பஞ்சு) பலகை, அதன்மேல் துணி, துணிமேல் கோழிக்கூட்டு வலை. ராக்வுல் தீப்பிடிக்காது, ஆனால் வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சுற்றி ரப்பர் பட்டி. பெட்டிச் சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு கனமான பலகை போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அப்படியானால் காற்று எப்படிப் போய்வரும்? வளைந்து வளைந்து போக வேண்டும். கீழே ஒரு பக்கம் உள்வழி, மேலே எதிர்ப்பக்கம் வெளிவழி. இரண்டும் மூன்று திருப்பம் உள்ள பலகைக் குகை மாதிரி, உட்புறம் முழுக்க ராக்வுல். காற்று வளைந்து வெளியே போய்விடும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். வெளிவழியில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, கணக்கில் வந்ததைவிடப் பெரிதாகவே வாங்கினேன். திருப்பங்கள் காற்றைத் தடுக்கும். விசிறிக்குத் தனி சுவிட்ச், கம்ப்ரெசர் நின்ற பிறகும் பத்து நிமிடம் ஓடும். மின் இணைப்பைச் சான்றிதழ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்தேன்.

ஃபிளைவீலின் ஆரங்கள் விசிறி மாதிரி சிலிண்டர்மேல் காற்று வீசுவதற்காக வளைக்கப்பட்டவை. அதனால் ஃபிளைவீலுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு அடி இடம் விட்டேன், அம்புக்குறி காட்டும் திசையில்தான் சுற்றுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. அரைமணி நேரம் விட்டுவிட்டு ஓடியபோது 39 டிகிரி. வேலியோரம் 52 டெசிபல். எங்கள் பின்சந்தில் மாலை நேரத்துச் சாதாரணச் சத்தமே 45 இருக்கும்.

பெட்டி கட்டியதில் ஒரு புது ஆபத்து வந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் தொட்டிக்கு அடியில் தினமும் தண்ணீர் சேரும். கண் முன்னால் இருந்தவரை வால்வைத் திறந்து வடித்துவிடுவேன். பெட்டிக்குள் போனதும் இரண்டு வாரம் மறந்தேபோனேன். திறந்தபோது துருவோடு பழுப்புத் தண்ணீர் கொட்டியது. உள்ளே துருப்பிடித்து மெலிந்த தொட்டி வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கடினம். அடுத்த நாளே வடிகால் ஓட்டையிலிருந்து ஒரு தாமிரக் குழாயைப் பெட்டிக்கு வெளியே நீட்டி பால் வால்வு போட்டேன். அது கதவுப் பக்கத்தில், மெயின் சுவிட்சுக்கு நேர் கீழே இருக்கிறது. இரவு சுவிட்சை அணைக்கும் கை அப்படியே தண்ணீரையும் வடித்துவிடும். பாதுகாப்பு வால்வு சீறுகிறதே என்று அதை அடைப்பது, தொட்டியில் துளை போடுவது, வெல்டிங் வைப்பது, இவற்றை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

நேரத்தையும் பேசிக்கொண்டோம். மறுபக்கத்து வீட்டு மக் சிக் (மலாய்க்கார அம்மா) மக்ரிப் என்னும் அந்திநேரத் தொழுகை நேரம் மட்டும் நிறுத்தினால் போதும் என்றார். அக்காவிடம் 9 மணிக்கு மேல் ஓடாது என்று சொல்லியிருக்கிறேன். பாப்பாவுக்குத் தேர்வு நடந்த வாரங்களில் 7 மணிக்கே தொட்டியை நிரப்பிவிட்டு அணைத்துவிடுவேன். 100 லிட்டரில் ஒரு மாலைக்குரிய சின்ன வேலைகள் முடிந்துவிடும். ஊதும் துப்பாக்கியின் முனையையும் பக்கவாட்டில் காற்றைச் சேர்த்து இழுக்கும் வகைக்கு மாற்றினேன், அதன் கீச்சுச் சத்தம் கம்ப்ரெசரைவிட மோசமாக இருந்தது. காதடைப்பான் இப்போது வீட்டிலும் உண்டு. மகனுக்குச் சின்ன அளவில் காதுமூடி ஒன்று வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். அது மாட்டாமல் பின்கட்டுக்குள் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

எல்லாம் சேர்த்து 420 வெள்ளி ஆனது, எரிந்த கப்பாசிட்டரும் முதல் பெட்டியின் பலகையும் சேர்க்காமல். இன்னும் ஒரு சத்தம் பாக்கி. தொட்டி நிரம்பி மோட்டார் நிற்கும்போது, தலைக்குழாயில் மிச்சமிருக்கும் காற்றை பிரஷர் சுவிட்ச் 'ட்ஸ்ஸ்' என்று விடும். அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்ப அது வேண்டும், அடைக்க முடியாது. அந்த முனையில் பொருத்த, துளைகள் நிறைந்த வெண்கல சைலன்சர் ஒன்று ஈப்போவில் 6 வெள்ளிக்குக் கிடைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாட்டப் போகிறேன். மாட்டிய பிறகும் காற்று இரண்டு விநாடிக்குள் முழுக்க வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் கழற்றிவிடுவேன்.